அத்தியாயம் 3: யாரிடம் எதைக் கேட்பது?

சதைப் பரிசோதனை (பயாப்சி) முடிவு கைக்கு வந்த அன்றே வீட்டுக்கு ஆலோசனைகளும் வரத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்கா கேரளாவில் ஒரு வைத்தியரைச் சொல்வார். சித்தப்பா சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சொல்வார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முள்சீத்தா இலைக் கஷாயம் வந்து விழும். சொல்பவர்கள் எல்லோருக்கும் அக்கறை உண்டு. பொறுப்பு யாருக்கும் கிடையாது.

சிகிச்சை முறைகளைப் பற்றிப் பின்வரும் அத்தியாயங்களில் பார்ப்போம். இங்கே பேசப்போவது, சிகிச்சை நடக்கும் மாதங்களில் குடும்பத்துக்கு வேண்டிய தகவலும் துணையும் எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றி. பல குடும்பங்கள் எல்லாக் கேள்விகளையும் டாக்டருக்காகவே சேர்த்துவைக்கின்றன. ஓபியில் கிடைக்கும் சில நிமிடங்களில் பதற்றத்தில் எதையும் கேட்காமல் திரும்புகின்றன. டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு, நர்ஸிடம் கேட்க வேண்டியது வேறு, காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டியது வேறு. இதைப் பிரித்துக்கொண்டாலே அலைச்சல் பெருமளவு குறையும்.

முதல் வேலை: ஒரு ஃபைல், ஒரு நோட்டு, ஒரு ஆள்

ஃபைலில் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். மூலக் காகிதத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் கொடுங்கள்.

உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். இரண்டாவது கருத்துக்காக வேறு டாக்டரிடம் போகிறீர்கள் என்றால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்சி செய்த லேபில் மெழுகில் பதித்த சதைத் துண்டும், கண்ணாடி ஸ்லைடுகளும் இருக்கும். ‘பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அவை கையில் இருந்தால் மறுபடியும் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

நோட்டில் இரண்டு பகுதி போதும். முன்பக்கத்திலிருந்து டாக்டர் சொன்னவை. பின்பக்கத்திலிருந்து நீங்கள் கேட்க வேண்டியவை. இதைப் பராமரிக்கும் ஆளும் ஒருவராகவே இருக்கட்டும். இன்று மகன், நாளை மருமகள், மறுநாள் தம்பி என்று ஆள் மாறினால் ஒவ்வொருவரும் பாதிச் செய்தியோடு வீடு திரும்புவார்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

மார்பகக் கட்டிக்கான ஒரு பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். அதில் இப்படி இருக்கலாம்: ‘இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2, ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 2+’. படித்தவர்கள்கூட ‘கிரேடு 2’ என்பதை ‘இரண்டாம் ஸ்டேஜ்’ என்று எடுத்துக்கொண்டு அழுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு. கிரேடு என்பது, நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்தச் செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைச் சொல்வது. ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கட்டியின் அளவு, நெறிகட்டிகள், மற்ற உறுப்புகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகே ஸ்டேஜைச் சொல்ல முடியும்.

ஈஆர், பிஆர் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. பாசிட்டிவ் என்றால் அந்தக் கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது. அதைத் தடுக்கும் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடச் சொல்வார்கள். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இங்கே அது ஒரு கூடுதல் மருந்துக்கு வழி இருக்கிறது என்ற செய்தி. ஹெர்2 3+ என்றால் அதற்கென்றே உள்ள ட்ராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் உண்டு. 2+ என்றால் தீர்மானமில்லை. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள். அந்தப் பரிசோதனை பாக்கியிருக்கிறதா என்று நீங்களே கேட்கலாம்.

மற்ற புற்றுநோய்களுக்கு வேறு வேறு குறிப்புகள் இருக்கும். எதுவானாலும் வழி ஒன்றுதான்: புரியாத வார்த்தையின் கீழ் பென்சிலால் கோடு போட்டு அடுத்த ஓபியில் காட்டுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இந்த ஆறு கேள்விகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. இது எந்த வகைப் புற்றுநோய், எந்த ஸ்டேஜ், இன்னும் எந்தப் பரிசோதனை பாக்கி?
2. சிகிச்சையின் நோக்கம் என்ன? முழுக் குணமா, நோயைக் கட்டுக்குள் வைப்பதா, வேதனையைக் குறைப்பதா?
3. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் இவற்றில் எது முதலில்? மொத்தம் எத்தனை மாதம் ஆகும்?
4. என்னென்ன பக்கவிளைவு வரலாம்? எது வந்தால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும்? ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது?
5. இந்தச் சிகிச்சையில் எதையாவது எங்கள் ஊருக்கு அருகிலேயே செய்துகொள்ள முடியுமா?
6. நோயாளி இளவயதினர் என்றால்: பின்னால் குழந்தை பெற இது தடையாகுமா? விந்தையோ கருமுட்டையையோ முன்கூட்டிச் சேமிக்க வேண்டுமா?

இரண்டாவது கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. ஆனால் நிலத்தை விற்பதா, கடன் வாங்குவதா, வேலையை விடுவதா என்ற முடிவுகள் எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. ஆறாவது கேள்விக்குக் கால எல்லை உண்டு. முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கூச்சத்தில் தள்ளிப்போட்டால் பிறகு பயனில்லை.

எங்கே போவது?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மையத்தைத் தொடங்கினார். டாக்டர் வி. சாந்தா தன் வாழ்நாள் முழுவதும் உழைத்த இடம் அது. வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லாமலோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தருவது அதன் மரபு. அரசு மருத்துவமனைகளில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இதற்கென்றே இயங்குகிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஆகியவையும் தமிழ்நாட்டு நோயாளிகளுக்குப் பழகிய இடங்களே.

எல்லோரும் சென்னைக்கோ மும்பைக்கோ ஓட வேண்டியதில்லை. ரேடியேஷன் என்றால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் போக வேண்டியிருக்கும். அத்தனை நாளும் தங்கி, சாப்பிட்டு, கூட ஒருவர் வேலையை விட்டு இருக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். பெரிய மையத்தில் சிகிச்சைத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, கீமோவை ஊருக்கு அருகில் போட்டுக்கொள்ள ஏற்பாடு கேட்கலாம். டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2012இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பின் நோக்கங்களில் ஒன்றே, நாடு முழுவதும் ஒரே தரத்தில் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதுதான்.

பணம்: காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டியவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அட்டை இல்லாதவர்கள் விஏஓவிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியின் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல விண்ணப்பங்கள் அங்கேதான் நிற்கின்றன. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

மருத்துவமனையில் இந்தத் திட்டத்துக்கென்று தனி மேசை இருக்கும். அங்கே கேட்க வேண்டியவை மூன்று: எங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை திட்டத்தில் உண்டா? ஒப்புதல் வந்துவிட்டதா? இதில் அடங்காமல் நாங்கள் கையிலிருந்து தர வேண்டியது எது? சிகிச்சை தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்குவது முக்கியம். முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள், மாத்திரையாகத் தரும் கீமோவுக்கும் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கும் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை போதாதபோது பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுச் சான்று அதற்கு அவசியம். இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளும் உதவுகின்றன. இந்த விண்ணப்பங்களை நிரப்ப மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கைகொடுப்பார். அவருடைய அறை எங்கே என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் செலவைப் பற்றி ஒரு வரலாறு தெரிந்திருப்பது நல்லது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் அதை எதிர்த்து வழக்காடியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை தர மறுத்தது. அன்று மாதம் லட்சத்துக்கு மேல் ஆன மருந்துக்கு ஈடானது, அதில் ஒரு சிறு பங்கு விலையில் நம் கடைகளில் தொடர்ந்து கிடைக்க அந்தத் தீர்ப்புதான் காரணம். ஆகவே, ‘டாக்டர், இதற்கு ஜெனரிக் இருக்கிறதா?’ என்று கேட்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. மத்திய அரசின் ‘அம்ரித்’ மருந்தகங்களில் புற்றுநோய் மருந்துகள் தள்ளுபடி விலையில் கிடைக்கும்.

பயணமும் தங்குமிடமும்

சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ரயில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வே வகுத்துள்ள படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும். டாக்டர் அறையில் இதற்காக நேரத்தைச் செலவிடாமல், சமூகப் பணியாளரிடமோ அலுவலகத்திலோ கேளுங்கள்.

குழந்தைக்குச் சிகிச்சை என்றால், வெளியூர்க் குடும்பங்கள் கட்டணமின்றித் தங்க செயின்ட் ஜூட் இந்தியா அமைப்பு சென்னை உள்ளிட்ட நகரங்களில் இல்லங்கள் நடத்துகிறது. அங்கே சேர மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும்.

வீட்டில்: நர்ஸிடம் கேட்க வேண்டியவை

சாப்பாடு, குளியல், வாய்ப்புண், மலச்சிக்கல் போன்றவற்றுக்கு டாக்டரைவிட வார்டு நர்ஸ் விளக்கமாகப் பதில் சொல்வார். வீட்டில் அவசியம் இருக்க வேண்டிய பொருள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். முதலில் காய்ச்சலை அளந்து பாருங்கள், அடுத்து மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், பிறகு கிளம்புங்கள். போகும் இடத்தில் முதல் வாக்கியமாகவே, ‘கீமோ நடக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுப்பது தவறு. உடம்பு தேற புரதம் வேண்டும். நன்றாக வேகவைத்தது, வீட்டில் சமைத்தது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்பதே பொது விதி. வெளியில் விற்கும் ஜூஸும் நறுக்கிவைத்த பழமும் வேண்டாம்.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் தேவையில்லை. ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் வெளிப்புற ரேடியேஷன் முடிந்து வருபவரின் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. பேரப்பிள்ளை தாத்தாவின் மடியில் தாராளமாக உட்காரலாம்.

வாட்ஸ்அப் வைத்தியமும் நம்பத்தக்க தகவலும்

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பேச்சை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். முறையாகச் செய்யும் பயாப்சியை நோயைப் பரப்புவதாக எண்ணித் தவிர்க்காதீர்கள். அது இல்லாமல் சரியான மருந்தைத் தேர்வு செய்யவே முடியாது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. எந்த மருத்துவ முறையாக இருந்தாலும், ‘நூறு சதவீதம் குணம்’ என்று விளம்பரம் செய்பவர் சட்டத்தை மீறுகிறார்.

எந்தத் தகவல் வந்தாலும் மூன்றைப் பாருங்கள்: சொன்னது யார், எப்போது சொன்னது, கூடவே எதையாவது விற்கிறார்களா. இணையத்தில் தேடுபவர்கள் டாடா நினைவு மையம், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் போன்றவற்றின் பக்கங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ‘ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம்’ என்று வரும் எண்கள், பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்ற பலரின் சராசரி. உங்கள் அப்பாவுக்கு எத்தனை நாள் என்பதை அது சொல்லாது. கஷாயமோ லேகியமோ கொடுத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் நெருக்கினால், கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கீமோ மருந்துகள் பலவும் ஈரலில் சிதைவடைபவை. மூலிகை அதில் குறுக்கிட்டால் மருந்து விஷமாகலாம், அல்லது வேலை செய்யாமலே போகலாம்.

நோயாளியிடம் சொல்வதா?

எல்லாப் புற்றுநோய் ஓபியிலும் நடக்கும் காட்சி இது. மகன் முதலில் தனியாக உள்ளே நுழைந்து, “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்” என்பார். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலேயே ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்ற பலகை பெரிய எழுத்தில் தொங்கும். அப்பாவுக்குத் தெரியாது என்று மகன் நடிக்க, மகன் வருந்தக் கூடாதென்று அப்பாவும் தெரியாததுபோல் நடிப்பார். பயத்தைப் பகிர ஆளில்லாமல் இருவரும் தனித்தனியே புழுங்குவார்கள்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்கலாம்: “அப்பா, டெஸ்ட்ல வந்ததைப் பத்தி டாக்டர் பேசணும்னு சொல்றார். நீங்களே எல்லாத்தையும் கேட்டுக்கறீங்களா, இல்ல நான் கேட்டு வந்து சொல்லட்டுமா?” பதில் எதுவானாலும் அது அவருடைய முடிவு. வீட்டுக் குழந்தைகளிடமும் எளிய வார்த்தையில் சொல்லுங்கள். இரண்டு விஷயத்தை அவர்களுக்கு உறுதியாகச் சொல்ல வேண்டும்: இது உன்னால் வந்ததில்லை, உனக்கு ஒட்டாது.

பெரிய மையங்களில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வாய்விட்டுப் பேச ஆளில்லாத ராத்திரிகளில் அரசின் டெலி மனஸ் எண் 14416ஐ அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. கவனித்துக்கொள்பவரும் அழைக்கலாம். தன் பிரஷர் மாத்திரையை மறந்து அம்மாவின் மாத்திரையை மட்டும் எடுத்துவைக்கும் மகள், சில மாதங்களில் தானே நோயாளியாகிவிடுவாள். வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் மாற்றாக வரட்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

வலியைத் தணிக்கும் பேலியேட்டிவ் பிரிவுக்கு டாக்டர் அனுப்பினால், ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சை நடக்கும்போதே சேர்ந்து நடக்க வேண்டியது அது. கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. அதைப் பெறுவதில் இருந்த சட்டச் சிக்கல்களைக் குறைக்க 2014இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு அரசிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு இந்த ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

ஃபைல், நோட்டு, தெர்மாமீட்டர் மூன்றையும் வாங்குங்கள். ரேஷன் அட்டையில் நோயாளியின் பெயரைச் சரிபாருங்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளரின் அறையையும், ராத்திரியில் அழைக்க வேண்டிய எண்ணையும் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஓபி நாளைக்கே என்றால், மேலே உள்ள ஆறு கேள்விகளையும் இன்றிரவே எழுதிவைத்துவிட்டுத் தூங்குங்கள். டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் நோட்டை நீட்டிக் கேளுங்கள். பதிலை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.